ஞாயிறு மாலை அவித்த முட்டைகள்

காலைப் பொழுதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் பெரும்பாலானவை, ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களால் எழுதப்பட்டிருக்குமோ என்றொரு ஐயம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. பனித்துளியும் பறவையொலியும் கிழக்கின் செம்மையும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியேயும் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நின்று பார்க்க முடிந்ததில்லை. குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் காலை என்பது 5.30 மணிக்குத் தொடங்கி 7.10 மணிக்கு முடிந்துவிடுகிற நூறு நிமிடங்கள். அதற்குள் நான்கு பேர் ஒரே குளியலறையைப் பயன்படுத்தி, மூன்று மதிய உணவு டப்பாக்கள் நிரம்பி, தண்ணீர் பிடித்து வைக்கப்பட்டு, மகளுக்குத் தலை பின்னி முடித்திருக்க வேண்டும். 6.50-க்கு அவளுடைய பள்ளி வேன். அதன்பின் எங்களில் ஒருவருக்குக் கடற்கரை செல்லும் மின்சார ரயில்; மற்றவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் செல்லும் அலுவலகப் பேருந்து.

இந்த வரிசையில் காலை உணவு எப்போதும் கடைசியில்தான் வரும். கடைசியில் வருவதுதான் முதலில் கைவிடப்படும். ஒரு வாய் பால், இரண்டு பிஸ்கட், "போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்" என்று கையில் திணிக்கப்படும் ஒரு வாழைப்பழம். அந்த வாழைப்பழங்கள் பல நாட்கள் கறுத்துப்போய்ப் பையின் அடியிலிருந்து மாலையில் எடுக்கப்பட்டதையும் நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டு மறந்தோம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. காலைப் பிரார்த்தனையின்போது மகள் மயங்கி விழுந்துவிட்டாள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. நாங்கள் இருவரும் இரண்டு திசைகளிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, மோவாயில் ஒரு சிறிய கட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "வேன் வந்துடுச்சுன்னு பாலைக் குடிக்கலை" என்பதுதான். ஏதோ தவறு செய்துவிட்டவளைப் போலச் சொன்னாள். மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்பது. முந்தைய இரவு 8 மணி. விழுந்தது காலை 8 மணி. பன்னிரண்டு மணி நேரம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2022 செப்டம்பர் 15 அன்று, அரசு தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருகிறார்கள் என்ற உண்மையை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதாகவே அதை நாங்கள் பார்த்தோம். நண்பர்களிடம் அதை ஆதரித்துப் பேசியும் இருந்தோம். வெறும் வயிற்றோடு போகிற பிள்ளை நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் இல்லாமை. எங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும் எல்லாமும் இருந்தன. அவசரம் என்ற ஒன்றின் பெயரால் பட்டினி போட்டிருக்கிறோம். அன்றிரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

*

முட்டை என்ற முடிவு எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால், எங்களில் ஒருவரின் பள்ளி நினைவிலிருந்து வந்திருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், கலைஞர் ஆட்சிக்கு வந்த 1989-இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-இல்தான் அது வாரத்துக்கு ஐந்து ஆனது. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில், அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டைக்காகத் தட்டோடு வரிசையில் நின்றவர் எங்களில் ஒருவர். முட்டை நாளன்று வருகைப் பதிவேட்டில் யார் பெயரும் விடுபடாது என்பார். ஓட்டை உரித்து, வெள்ளையை முதலில் சுற்றிலும் கடித்துத் தின்று, மஞ்சள்கருவைப் பந்துபோல் கடைசிவரை பத்திரப்படுத்துவது அக்காலத்துச் சிறுவர்களின் பொது வழக்கம். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அது வயிற்றில் நிற்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

ஆனால் காலையில் முட்டை வேகவைக்கவும், ஆறவைக்கவும், உரிக்கவும் இருபது நிமிடங்கள் வேண்டும். அந்த இருபது நிமிடங்கள்தான் எங்களிடம் இல்லாதவை. ஆகவே ஞாயிறு மாலையே வாரத்துக்கு வேண்டியதை அவித்து வைத்துவிடுவது என்று தீர்மானித்தோம். மூன்று பேர், ஐந்து நாட்கள், பதினைந்து முட்டைகள். கடையில் விற்கும் முப்பது முட்டை அட்டையில் சரிபாதி.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். இக்கட்டுரையில் இருவருக்கும் அம்மா என்றே வைத்துக்கொள்கிறோம். "ஞாயித்துக்கிழமை அவிச்சதை வெள்ளிக்கிழமை புள்ளைக்குக் குடுப்பியளா?" என்றார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்றோம். "பொட்டிக்குள்ள வெச்சா பழசு புதுசாயிடுமா?" என்றார்.

நாங்கள் சற்றுக் கெட்டிக்காரத்தனமாக ஒரு பதில் சொன்னோம். அம்மா தன் இளம் வயதெல்லாம் காலையில் உண்டது பழையதுதானே? இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போன ஊர்தானே அது? முதல்நாள் மாலை அரைத்து வைத்த மாவுதானே இட்லியாகிறது? முன்கூட்டியே செய்துவைத்த காலை உணவில் நம்மை மிஞ்சியவர் யார்?

அம்மா அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "சோறு புளிக்கும். மாவு புளிக்கும். புளிச்சா அது தன்னைத்தானே காத்துக்கும். முட்டை புளிக்குமா? நாறும்."

அவர் சொன்னதில் இருந்த அறிவியல் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. சோற்றிலும் மாவிலும் பெருகும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி, கெடுதல் செய்யும் கிருமிகளை ஓரளவு அண்டவிடாமல் வைக்கின்றன. முட்டையின் காவல் வேறு வகை. பச்சை முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியபடி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வரும் கிருமிகளை எதிர்க்க வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. அவிக்கும்போது பூச்சும் போகிறது, நொதியும் செயலிழக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் தாங்கும் முட்டை, வெந்தபிறகு குளிரிலேயே ஒரு வாரம்தான் தாங்குகிறது. வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குமேல் நம்ப முடியாது. சமைத்தால் பண்டம் பத்திரமாகிறது என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். முட்டை விஷயத்தில் அது தலைகீழ்.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை அவித்த முட்டைகள் உரிக்க வரவில்லை. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்து, அம்மை வார்த்த முகம்போல் ஆயின. அன்றுதான் வந்திறங்கிய புது முட்டை என்று கடைக்காரர் பெருமையாகக் கொடுத்தவை அவை. புதுமைதான் குற்றம் என்று தெரிய எங்களுக்கு இரண்டு வாரங்கள் ஆயின. முட்டை பழசாக ஆக, அதனுள் இருக்கும் கரியமில வாயு நுண்துளைகளின் வழியே வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதன்பின் வெள்ளைக்கரு உட்சவ்வை அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்வதில்லை. இப்போது அவிக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு முன் வாங்கியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

அவிப்பதற்கு இட்லிப் பானையே போதும். அடியில் சிறிது தண்ணீர் ஊற்றி, அது நன்றாகக் கொதித்து ஆவி கிளம்பிய பிறகு முட்டைகளை வைத்து மூடி, பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நிமிடங்கள். குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பிறகு சூடாக்குவதைவிட, முதலிலேயே சூட்டில் வைக்கும் முட்டைதான் சுலபமாக உரிகிறது. எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். மறந்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் வெந்து, மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் விழும்; வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாவது அது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வாய் திறக்க மாட்டார்கள். ஓட்டோடு வைத்தால்தான் ஒரு வாரம் இருக்கும். உரித்ததை ஓரிரு நாளில் முடித்துவிடுவது நல்லது. சூடாக வேண்டுமென்றால் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம். முழு முட்டையை நுண்ணலை அடுப்பில் வைக்கவே கூடாது. உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது புதன்கிழமையே மகளுக்கு அவித்த முட்டை அலுத்துவிட்டது. அப்போது வந்து சேர்ந்ததுதான் இட்லித் தட்டில் வார்க்கும் முட்டை. எட்டு முட்டைகளை உப்பும் மிளகுத் தூளும் சேர்த்து அடித்துக்கொண்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தையும் துருவிய காரட்டையும் கறிவேப்பிலையோடு வதக்கி ஆறவிட்டுக் கலக்க வேண்டும். வதக்காமல் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொள்ளும். எண்ணெய் தடவிய குழிகளில் முக்கால் அளவு ஊற்றிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் பன்னிரண்டு வரும். மூடியைத் திறக்கும்போது உப்பலாக நிமிர்ந்து நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமர்ந்துவிடும். இவை மூன்று, நான்கு நாட்கள் தாங்கும். ஆகவே திங்கள் முதல் புதன்வரை இது, மகளுக்கு இரண்டும் எங்களுக்கு ஒவ்வொன்றும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் ஓட்டோடு அவித்த முட்டை ஆறு. ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. மகள் மறுபடி மயங்கி விழவில்லை. ஒருநாள் உடற்கல்வி வகுப்பில் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்ததாகச் சொன்னாள்.

*

இதுவரை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. "அவித்தோம்", "வதக்கினோம்", "வாங்கினோம்" என்று பன்மையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். ஜூலை முதல் அக்டோபர் வரை அவித்தவர் எங்களில் ஒருவர்தான், பெண்ணாக இருப்பவர்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்களில் மற்றவர் கூடத்தில் உட்கார்ந்து நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில், "நாங்கள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே செய்துவைத்துவிடுகிறோம், காலையில் டென்ஷனே இல்லை" என்று உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இட்லித் தட்டைத் தேய்க்கும் சத்தம் நின்றது. முட்டை ஒட்டிய இட்லித் தட்டைத் தேய்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது மாவு ஒட்டிய தட்டைப்போல் தண்ணீருக்கு இளகாது. பேச்சு முடிந்ததும் ஈரக்கையோடு வந்து நின்று கேட்ட கேள்வி இது: "அந்த 'நாங்க'ல நீங்க எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. பதில் இல்லாதபோது செய்வதுபோல, "சொல்லியிருந்தால் செய்திருப்பேனே" என்று ஒன்று சொல்லப்பட்டது. சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வேலைதான் என்று திரும்பி வந்தது. பிறகு கணக்கு ஒன்று போடப்பட்டது. காலையில் மிச்சமாவது நாளைக்கு இருபது நிமிடம். ஐந்து நாளைக்கு நூறு. ஞாயிறு மாலை ஆவது, அரிந்து வதக்கி வேகவைத்துத் தேய்த்துக் கவிழ்ப்பதுவரை தொண்ணூறு. மிச்சமான நூறு நிமிடங்களை மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்டோம். செலவான தொண்ணூறும் ஒருவருடையவை. வாரத்தின் ஒரே ஓய்வு மாலையிலிருந்து எடுக்கப்பட்டவை.

கூடத்தின் மூலையில் படுத்திருந்த அம்மா தூங்கிவிட்டதாக நினைத்திருந்தோம். இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. மகனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்ப நாலு மணிக்கு எழுந்திரிப்பேன். நீ இப்ப பதினோரு மணிக்குப் படுக்குற. அவ்வளவுதாம்மா" என்றார்.

அவர் அதை ஆறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு எழுந்து அவர் சமைத்ததை உண்டு பள்ளிக்குப் போனவர், அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தார் என்பது மட்டும் தெரியும்.

அடுத்த ஞாயிறு முதல் வேலை பிரிந்தது. அவிப்பதும் தட்டு தேய்ப்பதும் ஒருவருக்கு. அரிந்து வதக்குவது மற்றவருக்கு. அவித்த முட்டையின் ஓட்டில் பென்சிலால் தேதி எழுதுவது மகளுக்கு. பச்சை முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க. புதிதாக அவிக்க வந்தவரின் முதல் மூன்று வார முட்டைகளில் சாம்பல் வளையம் விழுந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இட்லித் தட்டைச் சூடு ஆறுவதற்குள் தண்ணீரில் முக்கிவிட்டால் பாதி வேலை குறையும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். நான்கு மாதமாக அதைத் தேய்த்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது பிறகு தெரியவந்தது.

*

2023 டிசம்பர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கடலில் இருந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மறுநாள் விடுமுறை என்று அறிவித்திருந்தும் பழக்கத்தின் காரணமாக நாங்கள் பன்னிரண்டு முட்டை இட்லியும் ஆறு அவித்த முட்டையும் செய்து உள்ளே வைத்தோம். திங்கள் விடியுமுன் மின்சாரம் போனது. தெரு ஏரியாகிவிட்டது. மூடி வைத்த குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும், அதற்குமேல் கணக்கில்லை. கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்திருந்தார்கள். வாரம் முழுவதற்குமாகச் செய்துவைத்த அத்தனையையும் அந்த ஒரு காலையில் உண்டு முடித்தோம். முன்கூட்டியே செய்தது அவ்வளவு சரியான நேரத்தில் வேறெப்போதும் பயன்பட்டதில்லை.

மின்சாரம் புதன்கிழமை இரவுதான் வந்தது. நடுவில் இருந்த இரண்டு நாட்களும் எங்களைக் காப்பாற்றியவை, வெளியில் அட்டையில் கிடந்த பதினாறு பச்சை முட்டைகளும், அம்மா பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறும். இரண்டுக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை. அம்மா இதைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழ்வீட்டுக் குழந்தைக்குப் பழையதைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

*

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். வியாழக்கிழமை காலைகளில் தேதியைப் பார்த்துத் தானே ஒரு முட்டையை எடுத்து, மேசை விளிம்பில் தட்டி, உரித்து, மிளகும் உப்பும் தொட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுடைய பாட்டி எதிரில் காபியோடு உட்கார்ந்திருப்பார். அவர் மட்டும் இன்றுவரை அந்த முட்டைகளில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. மிச்சமான இருபது நிமிடங்களில் பெரும்பகுதி, இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில் போகிறது. சில நாட்களில் நாங்களும் போய் உட்காருகிறோம்.

ஞாயிறு மாலை வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டதா, அவிப்பதற்குப் பழைய முட்டை இருக்கிறதா, காரட் இருக்கிறதா என்று சனிக்கிழமையே நினைத்துப் பார்ப்பவர் இன்னும் எங்களில் ஒருவர்தான். கைவேலையைப் பிரிப்பதைவிட நினைவில் வைத்திருப்பதைப் பிரிப்பது கடினமாக இருக்கிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. இந்தப் பத்தியை எழுதிவிடுவது என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு.